இருபது மில்லியில் இருக்கிறது எஞ்சினின் உயிர்

இரண்டு ஸ்ட்ரோக் மெஷின் வைத்திருக்கும் வாசகர்களின் கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பிரஷ் கட்டர், மரம் அறுக்கும் செயின்சா, பவர் ஸ்பிரேயர், பழைய பைக், படகு எஞ்சின் எல்லாம் இதில் அடக்கம். மெஷின் ஒருநாள் நின்றால் அன்றைய கூலி நின்றுவிடும் என்ற கவலை ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது. ஆகவே பதில்களும் நேராக விஷயத்துக்கு வருகின்றன.

கே: பைக்குக்குப் பெட்ரோல் மட்டும் போடுகிறோம். பிரஷ் கட்டருக்கு மட்டும் ஏன் பெட்ரோலோடு ஆயிலையும் கலக்க வேண்டும்?
(தென்னந்தோப்பு விவசாயி, பொள்ளாச்சி)

ப: உங்கள் பைக் எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கிறது. அதே ஆயில்தான் சுற்றிச் சுற்றி வந்து வேலை செய்கிறது. பிரஷ் கட்டர் எஞ்சினுக்கு அப்படி அடித்தொட்டி கிடையாது. உள்ளே வரும் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் அறைக்குள் போய், அங்கிருந்து பிஸ்டனுக்கு மேலே ஏறுகின்றன. பெட்ரோலோடு வரும் ஆயில்தான் போகிற வழியில் பேரிங், கனெக்டிங் ராட், பிஸ்டன், ரிங், சிலிண்டர் சுவர் எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, கடைசியில் எரிந்து புகையாக வெளியேறுகிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் மாத மளிகையை மொத்தமாக வாங்கி அடுக்கி வைத்த வீடு. இரண்டு ஸ்ட்ரோக் அன்றன்றைக்கு வாங்கிச் சமைக்கும் வீடு. ஒரு வேளை வரவில்லை என்றாலும் அடுப்பு எரியாது. எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று ஓடினால் பிஸ்டன் நொடிக்கு 150 முறை மேலும் கீழும் போய் வருகிறது. அத்தனை முறையும் உலோகத்துக்கு நடுவே இருப்பது நீங்கள் கலந்த ஆயில் மட்டும்தான்.

கே: ஒருவர் 50:1 என்கிறார், இன்னொருவர் 40:1 என்கிறார், மெக்கானிக் 25:1 என்கிறார். கணக்கே புரியவில்லை.
(பஞ்சாயத்துத் தூய்மைப் பணியாளர், திருவாரூர்)

ப: மிக எளிய கணக்கு. ஆயிரத்தை முதல் எண்ணால் வகுத்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை மில்லி ஆயில் என்பது வந்துவிடும். 50:1 என்றால் 20 மில்லி. 40:1 என்றால் 25 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. ஐந்து லிட்டர் கேனுக்கு முறையே 100, 125, 200 மில்லி.

மூவரில் யார் சொல்வது சரி என்பதை உங்கள் மெஷினின் கையேடுதான் சொல்ல வேண்டும். ஒரே மெஷினுக்கே சில கம்பெனிகள் இரண்டு கணக்கு தருகின்றன: தங்கள் சொந்த ஆயில் ஊற்றினால் 50:1, வேறு ஆயில் ஊற்றினால் அதைவிடக் கூடுதல். இதில் வியாபாரமும் உண்டு, காரணமும் உண்டு. தங்கள் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரியும். கடையில் நீங்கள் எதை வாங்குவீர்கள் என்பது தெரியாது.

கண்ணளவு வேண்டாம். மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள், ஊசி தேவையில்லை. 50:1-க்கு லிட்டருக்கு ஒரு சிரிஞ்ச். அதை ஆயிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து அளக்கும் மூடியை இதற்கும், இதை அதற்கும் ஒருபோதும் மாற்றக் கூடாது.

கே: கையேடு தொலைந்துபோய்விட்டது. பழைய மெஷின். இப்போது என்ன செய்வது?
(கூலிக்குப் புல் வெட்டுபவர், ஒசூர்)

ப: முதலில் டேங்க் மூடியைத் துடைத்துப் பாருங்கள். பல மெஷின்களில் அளவு அங்கேயே அச்சாகியிருக்கும். இல்லையென்றால் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் டீலரிடம் கேளுங்கள். அதுவரை வேலை நிற்கக் கூடாது என்றால் 50:1-ஐ விட்டுவிட்டு லிட்டருக்கு 40 மில்லி ஊற்றுங்கள். கொஞ்சம் கூடினால் புகையும், அவ்வளவுதான். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புகையைப் பிறகு சரிசெய்யலாம். பிடித்த பிஸ்டனை மாற்றத்தான் வேண்டும்.

கே: அப்படியென்றால் எப்போதுமே ஆயிலைத் தாராளமாக ஊற்றிவிட்டால் எஞ்சின் நீடித்து உழைக்குமே?
(பண்ணை மேலாளர், தேனி)

ப: உழைக்காது. அளவுக்கு மேல் போன ஆயில் முழுதாக எரியாமல் கரியாகிறது. அந்தக் கரி புகை வெளியேறும் துளையிலும் சைலன்சரின் உள்ளே இருக்கும் தீப்பொறி தடுப்பு வலையிலும் படிகிறது. பிளக் நனைகிறது. ரிங் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. மெஷினுக்கு மூச்சு முட்டி, ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினாலும் வேகம் ஏறாது.

பலர் கவனிக்காத இன்னொரு சங்கதியும் உண்டு. கார்புரேட்டரின் ஜெட் வழியே போகும் திரவம் ஓரளவுக்கு மேல் கூடாது. அதில் ஆயில் பங்கு ஏறினால் பெட்ரோல் பங்கு இறங்கும். பெட்ரோல் குறைந்த கலவை அதிகச் சூட்டில் எரியும். எஞ்சினைக் காப்பாற்ற ஊற்றிய கூடுதல் ஆயிலே அதைச் சூடாக்கவும் கூடும். டீலரைக் கேட்டு அளவு தெரிந்ததும் அந்த அளவுக்கே வந்துவிடுங்கள்.

கே: ஆயில் டப்பாவில் எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று போட்டிருக்கிறது. விலை மட்டும்தான் வித்தியாசமா?
(வாசகர், ஈரோடு)

ப: விலையைத் தாண்டியும் வித்தியாசம் உண்டு. அவை ஜப்பானின் ஜாசோ தர எழுத்துகள். எஃப்பி அடிப்படையானது: உயவு உண்டு, புகை கட்டுப்பாடு குறைவு. எஃப்சி புகையையும் சைலன்சர் அடைப்பையும் நன்றாகக் குறைப்பது. எஃப்டி அந்தக் குணங்களோடு, அதிகச் சூட்டிலும் பிஸ்டனையும் ரிங்கையும் சுத்தமாக வைத்திருக்கும் திறன் கூடியது. ஐஎஸ்ஓ தரத்தில் இவற்றுக்கு இணையாக ஈஜிபி, ஈஜிசி, ஈஜிடி என்று எழுதியிருக்கும். ஏபிஐ டிசி என்பது அமெரிக்கத் தரக்குறி.

பிரஷ் கட்டரும் செயின்சாவும் காற்றில் குளிர்பவை, முழு வேகத்தில் மணிக்கணக்கில் ஓடுபவை. அவற்றுக்கு எஃப்டி வாங்குங்கள். கிடைக்காத ஊரில் எஃப்சி போதும். வெறுமனே ‘2டி’ (இரண்டு ஸ்ட்ரோக்) என்று மட்டும் அச்சடித்து, தரக்குறி எதுவுமே இல்லாத டப்பாவைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கே: நீல ஆயில் நல்லதா, சிவப்பு ஆயில் நல்லதா?
(மாணவர், ஐடிஐ, நாகர்கோவில்)

ப: இரண்டும் சாயம்தான். பெட்ரோலில் ஆயில் கலந்தாகிவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியட்டும் என்று சேர்க்கிறார்கள். தரம் எழுத்தில் இருக்கிறது, நிறத்தில் இல்லை. அந்தச் சாயத்தால் நமக்கு ஒரு பெரிய உபயோகம் உண்டு: கேனில் இருக்கும் பெட்ரோலில் ஆயிலின் சாயம் தெரியவில்லை என்றால் மெஷினில் ஊற்றாதீர்கள்.

கே: பைக்குக்கு வாங்கிய 20டபிள்யூ-40 ஆயில் அரை லிட்டர் மிச்சம் இருக்கிறது. அதைக் கலக்கலாமா?
(வாசகர், விழுப்புரம்)

ப: கூடாது. அந்த ஆயில் எரிவதற்கென்று செய்யப்பட்டதில்லை. அதில் சேர்த்திருக்கும் கால்சியம், துத்தநாகச் சேர்மங்கள் எரிந்ததும் சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பல் பிளக் முனையிலும் பிஸ்டன் தலையிலும் கெட்டியாகப் படிந்து, சூடேறிக் கனன்று, பிளக் பொறி தருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். பிஸ்டனில் ஓட்டை விழுவது இப்படித்தான். மிச்ச ஆயிலைக் கேட் கீலுக்குப் போடுங்கள்.

கே: அந்தக் காலத்தில் ஆமணக்கெண்ணெயில் விமானமே ஓடியதாமே? நம் வீட்டு விளக்கெண்ணெயைப் பிரஷ் கட்டருக்குக் கலந்தால் என்ன?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்)

ப: கேள்விப்பட்டது உண்மைதான், ஐயா. முதல் உலகப் போர்க் கால ரோட்டரி எஞ்சின் விமானங்கள் ஆமணக்கெண்ணெயைத்தான் நம்பின. கேஸ்ட்ரால் என்ற ஆயில் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு வழுகாத அபூர்வமான எண்ணெய் அது. இன்றும் மெத்தனாலில் ஓடும் மாதிரி விமான எஞ்சின்களில் அதைக் கலக்கிறார்கள்.

ஆனால் அது ஆல்கஹாலில் கரைவதுபோல் பெட்ரோலில் கரையாது. கொஞ்ச நேரம் நின்றாலே பிரிந்து அடியில் தங்கும். எரிந்தபின் அரக்குபோல் ஒட்டும், ரிங் சிக்கிக்கொள்ளும். போர் விமானத்துக்கு அடிக்கடி எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஆள் இருந்தது. உங்கள் பிரஷ் கட்டருக்கு இல்லை. 2டி ஆயிலே ஊற்றுங்கள்.

கே: எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து செயின்சா மக்கர் பண்ணுகிறது. உண்மையிலேயே காரணம் அதுதானா, மெக்கானிக் சாக்கு சொல்கிறாரா?
(மர வேலை ஒப்பந்ததாரர், கூடலூர்)

ப: மெக்கானிக் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்பதற்கு இந்தியா முதலில் வைத்த இலக்கு 2030. அது 2025-க்கு முன்னுக்கு இழுக்கப்பட்டது. இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பங்குகளுக்கு வந்தது. ஆனால் சிறிய எஞ்சின் செய்யும் பல கம்பெனிகளின் கையேடுகள் அனுமதிப்பது 10 விழுக்காடு வரைதான். இடைவெளி அங்கேதான்.

எத்தனால் மூன்று வேலை செய்கிறது. முதலாவது, அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையில் காற்று கூடியதுபோல் ஆகிவிடுகிறது. பழைய செட்டிங்கில் இருக்கும் கார்புரேட்டர் எஞ்சினைச் சூடாக ஓட்டும். இரண்டாவது, பழைய ரப்பர் டியூப், பிரைமர் பல்பு, கார்புரேட்டர் டயாபிரம் ஆகியவை ஊறி உப்பும், அல்லது காய்ந்து விறைக்கும். டயாபிரம் விறைத்த செயின்சா காலையில் பிடிக்காது. பிடித்தாலும் சாய்த்தால் நின்றுவிடும். மூன்றாவது, எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலக் கூடலூரில் அதற்கு ஈரத்துக்கா பஞ்சம்?

செய்ய வேண்டியவை: உங்கள் மாடல் எத்தனை விழுக்காடு தாங்கும் என்று டீலரிடம் உறுதிசெய்யுங்கள். ரப்பர் பாகங்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். கார்புரேட்டரைப் புதுப் பெட்ரோலுக்கு ஏற்பச் சரிசெய்யச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் தீர்கிற அளவுக்கு மட்டும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஈரம் போனால் என்ன? சொட்டுத் தண்ணீர்தானே?
(அதே ஒப்பந்ததாரரின் மகன்)

ப: தம்பி, இரண்டு ஸ்ட்ரோக்கில் அந்தச் சொட்டுதான் ஆபத்து. 10 விழுக்காடு எத்தனால் உள்ள பெட்ரோல் ஒரு லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தண்ணீரைத் தாங்கும். இ20 அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். எல்லை தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, கனமாக இருப்பதால் அடியில் இறங்கிவிடும். நீ கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். டேங்கில் உறிஞ்சும் குழாயின் முனை எங்கே கிடக்கிறது? அடியில். ஆக எஞ்சினுக்குள் போவது ஆயிலே இல்லாத எத்தனால் தண்ணீர். அளந்து ஊற்றிய மெஷினும் இப்படி ஒரே நாளில் பிடித்துப் போகும். கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பார். அடியில் தனியாக ஒரு கோடு தெரிந்தால் அந்தக் கேனைத் தொடாதே.

கே: பங்கில் வாங்கும் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?
(வாசகர், காரைக்குடி)

ப: முடியும். 100 மில்லி கோடு போட்ட, மூடியுள்ள கண்ணாடி அளவுக்குழாய் ஒன்று வேண்டும். அதில் சரியாக 10 மில்லி தண்ணீர். அதன்மேல் 100-ஆவது கோடு வரை பெட்ரோல். மூடி நன்றாகக் குலுக்கி, இடையில் ஒருமுறை மூடியைத் தளர்த்தி ஆவியை வெளியேற்றிவிட்டு, பத்து நிமிடம் அசையாமல் நிறுத்துங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே வந்துவிடும். கீழ் அடுக்கு 10-இலேயே நின்றால் எத்தனால் இல்லை. 18, 19-ஐத் தொட்டால் சுமார் 10 விழுக்காடு. 26, 27 வரை ஏறினால் அது இ20. ஆய்வகத் துல்லியம் இதில் வராது. ஆனால் முடிவெடுக்க இது போதும்.

திறந்த வெளியில், அடுப்பும் சுவிட்சும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். சோதித்த பெட்ரோலை மெஷினில் ஊற்றாதீர்கள்.

கே: அப்படியே தண்ணீர் ஊற்றி எத்தனாலைப் பிரித்துவிட்டு, மேலே நிற்கும் பெட்ரோலை மட்டும் பயன்படுத்தினால்?
(நான்கு ஊர்களிலிருந்து வந்த ஒரே கேள்வி)

ப: செய்யாதீர்கள். எத்தனால் ஆக்டேன் எண்ணையும் உயர்த்தித் தருகிறது. அதைக் கணக்கில் வைத்துத்தான் அடிப்படைப் பெட்ரோலையே தயாரிக்கிறார்கள். எத்தனாலைக் கழுவி எடுத்தால் மிஞ்சுவது ஆக்டேன் குறைந்த, ஈரம் ஏறிய பெட்ரோல். எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். அதோடு, பெட்ரோல் கலந்த அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்? கிணற்றுப் பக்கம்தான் போகும்.

கே: விலை கூடிய 95, 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பிரஷ் கட்டருக்குப் பவர் கூடுமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

ப: கூடாது. ஆக்டேன் என்பது பலத்தின் அளவல்ல. அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் குணத்தின் அளவு. அழுத்த விகிதம் அதிகமுள்ள எஞ்சினுக்குத்தான் அது தேவை. பெரும்பாலான சிறிய இரண்டு ஸ்ட்ரோக் மெஷின்களுக்கு நம் சாதாரணப் பெட்ரோலே போதும். கையேட்டில் அதற்கு மேல் கேட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். மற்றபடி, கூடுதலாகக் கொடுக்கும் காசை எஃப்டி ஆயிலுக்குக் கொடுத்தால் எஞ்சின் உங்களை வாழ்த்தும்.

கே: போன அறுவடைக்குப் பிறகு மூலையில் வைத்த பவர் ஸ்பிரேயர் இப்போது ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது.
(நெல் விவசாயி, மன்னார்குடி)

ப: டேங்கில் பழைய கலவை இருக்கிறதா? அதுதான் குற்றவாளி. பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டது. மிச்சம் பிசினாகி கார்புரேட்டரின் மெல்லிய துளைகளை அடைத்துக்கொண்டது. பழையதை வெளியேற்றி, பில்டரை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிளக்கையும் பாருங்கள்.

அடுத்த முறை மூலையில் வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கார்புரேட்டரில் இருக்கும் மிச்சமும் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பெரும்பாலான கையேடுகள் கலந்த பெட்ரோலுக்குத் தரும் ஆயுள் ஒரு மாதம். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அதைவிடக் குறைத்துக்கொள்வதே நல்லது.

கே: எங்கள் படகில் இருப்பது மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின். அதுக்கும் மோட்டார் சைக்கிளுக்குப் போடுற 2டி ஒயிலையே விடலாமோ?
(கடற்றொழிலாளர், பருத்தித்துறை)

ப: விட வேண்டாம், அண்ணை. கடல் எஞ்சின் தண்ணீரால் குளிர்வது. அதற்கு டிசி-டபிள்யூ3 என்ற தரக்குறி உள்ள ஒயில் வேண்டும். எரிந்தால் சாம்பல் விடாது, உப்புக் காற்றில் துரு ஏறாமலும் காக்கும். பெற்றோலில் தொடங்கி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற மாதிரி என்றால், ஒயில் பம்ப் இல்லாதபோது இரண்டு எரிபொருளிலும் ஒயில் கலந்திருக்க வேண்டும். கரைக்கு வரும்போது நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிட்டால் அடுத்த விடியலில் எஞ்சின் பிடிக்காது. கன்னியாகுமரிக் கரையில் மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கே: படகுக்கு வாங்கிய அந்த டிசி-டபிள்யூ3 ஆயிலைச் செயின்சாவுக்கு ஊற்றலாமா? உயர்ந்த தரம்தானே?
(வாசகர், குளச்சல்)

ப: உயர்ந்ததுதான், படகுக்கு. காற்றில் குளிரும் செயின்சா அதைவிட மிக அதிகச் சூட்டில் ஓடும். அந்தச் சூட்டில் பிஸ்டனைச் சுத்தமாக வைத்திருக்கும் மருந்துகள் கடல் ஆயிலில் போதாது. ரிங் ஒட்டிக்கொள்ளும். அதேபோல் செயின்சா ஆயிலைப் படகுக்கும் ஊற்றக் கூடாது.

கே: புது ஆள் ஒருவர் ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டார். மெஷின் இறுகி நின்றுவிட்டது. பிறகு இழுத்தால் சுற்றுகிறது. தப்பித்தோமா?
(தோட்டக்கலை ஒப்பந்ததாரர், ஏற்காடு)

ப: பார்த்தால்தான் தெரியும், பார்ப்பது சுலபம். உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். டேங்கைக் காலி செய்யுங்கள். எஞ்சின் முழுதாக ஆறியதும் சைலன்சரின் போல்ட்டுகளைக் கழற்றி எடுங்கள். புகை வெளியேறும் துளை தெரியும். கயிற்றை மெதுவாக இழுத்தால் அந்தத் துளைக்குள் பிஸ்டனின் பக்கவாட்டுச் சுவர் மேலும் கீழும் போவதைப் பார்க்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் வழவழப்பாக, மங்கலான சாம்பல் நிறத்தில் இருந்தால் தப்பித்தீர்கள். சரியான கலவை ஊற்றி, குறைந்த வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பழக்குங்கள். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகச் சிராய்ப்பு ஓடியிருந்தாலோ, ரிங் பிஸ்டனோடு பூசிக்கொண்டதுபோல் தெரிந்தாலோ, பிஸ்டனும் சிலிண்டரும் போயாயிற்று.

அந்தப் புது ஆளைத் திட்டாதீர்கள். கேன்மேல் எழுதி ஒட்டியிருந்தால் அவர் ஏன் தவறப் போகிறார்?

கே: என் பிரஷ் கட்டரில் பெட்ரோல் மூடி தனியாக, ஆயில் மூடி தனியாக இருக்கிறது. அப்படியும் கலக்கணுமா?
(வாசகர், திண்டுக்கல்)

ப: கலக்கவே வேண்டாம், அம்மா. எஞ்சினின் அடியில் தனி ஆயில் மூடி இருந்தால் அது நான்கு ஸ்ட்ரோக். பெட்ரோல் டேங்கில் வெறும் பெட்ரோல். எஞ்சினில் கையேடு சொல்லும் நான்கு ஸ்ட்ரோக் ஆயில். இரண்டு வகையும் வீட்டில் இருந்தால் மூடிகளில் வேறுவேறு நிறப் பெயின்ட் அடித்து வையுங்கள்.

கே: பழைய ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டச் சொல்கிறார்கள். செய்யலாமா?
(வாசகர், மதுரை)

ப: பம்ப் நன்றாக வேலை செய்தால் கழற்றாதீர்கள். ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறதோ அதற்கேற்ப ஆயிலைக் கூட்டிக் குறைத்துத் தருவது பம்ப். டேங்கில் கலந்த பெட்ரோலால் அது முடியாது. மெதுவாகப் போகும்போது தேவைக்கு மேல் புகையும். கழற்ற நேர்ந்தால் அன்றிலிருந்து ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் அளந்து ஊற்றியாக வேண்டும். வண்டியைத் தம்பிக்கோ மச்சானுக்கோ இரவல் கொடுத்தால் இதை முதலில் சொல்லுங்கள். பம்ப் கழற்றிய வண்டிகள் இரவல் போன இடத்தில்தான் அதிகம் பிடிக்கின்றன.

கே: நாள் முழுக்கப் பிரஷ் கட்டர் பிடித்தால் சாயங்காலம் தலைவலி. புகையில் அப்படி என்ன இருக்கிறது?
(கூலித் தொழிலாளி, பெரம்பலூர்)

ப: நிறையவே இருக்கிறது. சாதாரண கார்புரேட்டர் இரண்டு ஸ்ட்ரோக்கில், உள்ளே வரும் புதுக் கலவையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எரியாமலேயே வெளியே போய்விடும். புகைத்துளையும் கலவைத் துளையும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால் வரும் வினை அது. ஆகவே நீங்கள் சுவாசிப்பதில் பச்சைப் பெட்ரோல், அரைகுறையாக எரிந்த ஆயில், கார்பன் மோனாக்சைடு எல்லாம் உண்டு. பெட்ரோலில் பென்சீன் உண்டு. அது புற்றுநோய் வருவிக்கக்கூடியது. டெல்லியில் 1998-இல் உச்ச நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு 2டி ஆயிலை உதிரியாக விற்பது நிறுத்தப்பட்டு, அளந்து கலந்து தரும் பங்குகள் வந்ததற்கும் இந்தப் புகைதான் காரணம். சுவீடனின் காட்டுத் தொழிலாளர்கள் பென்சீன் ஏறக்குறைய இல்லாத ஆல்கைலேட் பெட்ரோலைப் பயன்படுத்துகிறார்கள்.

நீங்கள் இன்றே செய்யக்கூடியவை: காற்று உங்கள் முகத்துக்குப் புகையைக் கொண்டுவராதபடி நின்று வெட்டுங்கள். எஃப்டி ஆயில், சரியான அளவு. புகை பாதியாகக் குறைவதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். மணிக்கொருமுறை மெஷினை நிறுத்தித் தள்ளி உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். தலைவலியோடு வாந்தியும் மயக்கமும் வந்தால் அன்றைக்கு வேலை போதும், மருத்துவரைப் பாருங்கள். முதலாளி மலிவான ஆயில் வாங்கித் தந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவரிடம் கொடுங்கள். ஆயிலில் மிச்சம் பிடிக்கும் சில்லறை உங்கள் நுரையீரலைவிடப் பெரிதல்ல.

கே: சூடாக இருக்கும்போதே பெட்ரோல் ஊற்றினால் நேரம் மிச்சமாகுமே?
(வாசகர், அரியலூர்)

ப: உயிர் மிச்சமாகாது. சைலன்சர் அருகில் சிந்திய பெட்ரோல் பற்ற நொடி போதும். நிறுத்தி, பத்து நிமிடம் ஆறவிட்டு, ஸ்டார்ட் செய்யும் இடத்திலிருந்து தள்ளி வந்து ஊற்றுங்கள்.

கே: எங்கள் எஸ்டேட்டில் ஆறு மெஷின், பத்து ஆள். யார் எப்போது என்ன கலக்கிறார்கள் என்றே தெரிவதில்லை. ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவர வழி உண்டா?
(மேற்பார்வையாளர், வால்பாறை)

ப: உண்டு. கலப்பது ஒருவர் பொறுப்பு என்று ஆக்குங்கள். காலையில் அவர் மட்டுமே கலக்கட்டும். தண்ணீர் பாட்டில் வேண்டாம். பெட்ரோலுக்கென்று செய்த கேன். முதலில் பாதிப் பெட்ரோல், அதில் அளந்த ஆயில் முழுவதும், மூடிக் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். கேன்மேல் மூன்று விஷயங்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: ‘2டி கலந்தது’, விகிதம், கலந்த தேதி. ஆறு மெஷினில் நான்குக்கு 50:1, இரண்டுக்கு 40:1 என்றால் எல்லாவற்றுக்கும் 40:1-ஆகக் கலந்துவிடுங்கள். கேன் மாறினாலும் எஞ்சின் சாகாது. அந்த நான்கில் கொஞ்சம் கூடுதலாகக் கரி சேரும்; ஆண்டுக்கு ஒருமுறை சைலன்சர் வலையைச் சுத்தம் செய்தால் தீர்ந்தது. நாள்பட்ட கலவையை மெஷினில் ஊற்றாமல் தனிக் கேனில் ஒதுக்கி வையுங்கள்.

இத்தனைக்கும் ஆகும் செலவு ஒரு கேன், ஒரு சிரிஞ்ச், ஒரு மார்க்கர் பேனா. பத்துப் பேரின் வேலைநாள் அதில் பத்திரமாக இருக்கும். நாளைக் காலையிலேயே தொடங்கிவிடுங்கள்.